ஓரத்தில் தைத்த நூல்

குந்தா காம்ப்
22.1.1967

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை சாந்தாமணி எழுதுவது. நீங்களும் மாமாவும் சுகந்தானே? இங்கே அவர் நலம். கிணத்துக்கடவில் அத்தையும் நலம் என்று கார்டு வந்தது. பாப்பா தங்கமணிக்குத்தான் சளி.

தீபாவளிக்கு நீங்கள் போட்ட கடிதத்துக்குப் பொங்கல் கழித்துப் பதில் எழுதுகிறேன். கோபிக்காதீர்கள். இரண்டரை வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் பேனாவைத் திறந்தால் மூடி அவள் வாய்க்குப் போய்விடுகிறது.

ஈப்போவில் சீன மருந்துக் கடையில் உங்களுக்கு வேலை கிடைத்த சேதியை இவருக்குப் படித்துக் காட்டினேன். “உன்ற அக்கா சீனம் பேசுதாக்கும்?” என்று சிரித்தார். “எஸ்டேட் தமிழங்க சொல்ற சீக்கை மலாயில சின்சேகிட்ட சொல்லோணும், அவரு சொல்றதைத் தமிழ்ல இவங்களுக்குச் சொல்லோணும், அதுதான் வேலை” என்றேன். “சின்சேன்னா?” என்றார். “வைத்தியருங்க.” “அப்ப நம்ம காம்ப் கம்பவுண்டரும் சின்சேதான்” என்று சொல்லிவிட்டு பவர்ஹவுஸ் ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அந்தக் கம்பவுண்டர் தலைவலிக்கும் கால்வலிக்கும் இருமலுக்கும் ஒரே சிவப்பு மிக்சரைக் கொடுக்கிறார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். யாப் சின்சே சளியைப் பார்த்தே உடம்பைச் சொல்லிவிடுவார் என்று எழுதியிருந்தீர்களே, பாப்பாவுக்கும் சொல்வாரா? மார்கழியிலிருந்து இருமல். காலையில் துப்புவதை ஒரு டப்பா மூடியில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறேன். நோட்டுப் போட்டுத் தேதிவாரியாகக் குறிக்கிறேன். வெள்ளை, நீர்த்தது, மேலே நுரை. சிரமமில்லாமல் வருகிறது.

வெள்ளை என்று எழுதினால் எந்த வெள்ளை என்று கேட்பார் அல்லவா? காலேஜில் எம்பிராய்டரி கற்றபோது வாங்கிய நூல்பெட்டி இன்னும் இருக்கிறது. சளிக்கு எதிரே வைத்துப் பார்த்து, சரியான நிறத்தை எடுத்து இந்தக் காகிதத்தின் ஓரத்தில் நாலு தையல் போட்டிருக்கிறேன். அவரிடம் காட்டுங்கள்.

இவரிடம் இதைப் பெரிதாகச் சொல்லவில்லை. சொன்னால் அத்தைக்குப் போகும். பதில் என் பெயருக்கே போடுங்கள்.

இப்படிக்கு,
சாந்தாமணி


ஈப்போ
5.2.1967

என் கண்ணு சாந்தாவுக்கு,

அக்கா மருதாம்பாள் ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் சௌக்கியம். மாமா ஈயச் சுரங்க ஆபீசுக்கும் வீட்டுக்குமாக சைக்கிள் மிதித்து இளைத்துவிட்டார் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை.

உன் கடிதத்தைக் கடைக்குக் கொண்டுபோனேன். யாப் சின்சேக்கு எழுபது வயது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, காகிதத்தை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய், நூலை நகத்தால் நெருடிப் பார்த்தார். “உன் தங்கை வக்கீலா?” என்றார். “இல்லை, பி.ஏ. படித்தவள்” என்றேன். “அதுதான் சாட்சியோடு வந்திருக்கிறாள்” என்றார். கடையில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு நூலைக் காட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் சொன்னதைச் சொல்கிறேன். சளி நெஞ்சில் உண்டாவதில்லையாம். தின்றது சரியாகச் செரிக்காமல் மண்ணீரல் பக்கம் ஈரமாகத் தேங்கி, அதுதான் மேலே போய் நுரையீரலில் குடியிருக்கிறதாம். வெள்ளையும் நுரையும் குளிரைக் காட்டுகிறது. மஞ்சளும் கெட்டியும் சூட்டைக் காட்டும். கொஞ்சமாக, ஒட்டிக்கொண்டு, இழுத்தால்தான் வருமென்றால் உள்ளே காய்கிறது என்று அர்த்தம். அதனால் நிறம் மட்டும் போதாது. எவ்வளவு, எந்த நேரம், சுலபமாக வருகிறதா, வாயில் என்ன ருசி, எல்லாம் எழுது.

இப்போதைக்கு, வெயிலில் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுக்கச் சொன்னார். பழைய தோலாக இருக்க வேண்டும், வருஷம் கூடக் கூட நல்லதாம். பாலும் வாழைப்பழமும் இனிப்பும் வேண்டாம்.

இன்னொன்றும் சொன்னார். “நான் பார்க்க வேண்டும், மூச்சைக் கேட்க வேண்டும், விசாரிக்க வேண்டும், நாடி தொட வேண்டும். தபாலில் விசாரிக்க மட்டும்தான் முடிகிறது. மேலும் இது பதினாலு நாள் பழைய சளி.” ஆகவே அங்கேயும் ஒரு டாக்டரிடம் காட்டு. நூலோடு நிறுத்திக்கொள்; நிஜத்தைத் தபாலில் வைத்து அனுப்பித் தொலைக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

உன் அக்கா,
மருதாம்பாள்


குந்தா காம்ப்
27.2.1967

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து ஒன்பது நாளும் கஷாயம் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அவர் நலம். குளிர் விடவில்லை, காலையில் தண்ணீர்க் குழாயைத் துணி சுற்றித்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

ஆரஞ்சுத் தோலுக்காக ஊட்டி மார்க்கெட் வரை போனேன். பழக்காரர் “தோலுக்காவா பழம் வாங்கறீங்க?” என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். நுரை போய்விட்டது. நிறம் மாறிவிட்டது. இந்த முறை ஓரத்தில் இரண்டு தையல் வரிசை: மேலே உள்ளது மாசி முதல் வாரம், கீழே உள்ளது நேற்று. மேலே கடலைமாவுக் கரைசல் மாதிரி. கீழே இன்னும் ஆழ்ந்த மஞ்சள். கொஞ்சமாகத்தான் வருகிறது. தொண்டையில் ஒட்டிக்கொண்டு, விடியற்காலையில் பத்துப் பதினைந்து தடவை செருமினால்தான் கழன்று வரும். வாயில் உப்புக் கரிக்கிறது. விலாவில் வலி.

அத்தை வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனார்கள். பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “இந்தக் குளுருல கெடந்து புள்ள ஏன் சாகோணும்? நம்மூருக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு மாசம் வெச்சிருந்து அனுப்பறன்” என்றார்கள். இவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

அக்கா, இரண்டு மாதம் என்றால் எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியும். இவருடைய அண்ணி ஜானகிக்கு நெஞ்சுச் சீக்கு என்று தெரிந்ததும் அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதப் பையனை அத்தை வைத்துக்கொண்டார்கள். அவருக்குச் சீக்குத் தீர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. பையனுக்கு இப்போது நாலு வயது. போன தையில் கல்யாண வீட்டில் ஜானகி கையை நீட்டினார். பையன் ஓடி வந்து அத்தையின் புடவைக்குள் ஒளிந்துகொண்டான். அதை நான் பார்த்தேன்.

பாப்பா என்னோடுதான் இருப்பாள். இப்போது அவளுக்குத் தனிக் கட்டில் போட்டிருக்கிறேன். தட்டு, டம்ளர் எல்லாம் தனித்தனியாகக் கொதிநீரில் போட்டு எடுக்கிறேன். என்னால் முடிந்ததெல்லாம் செய்கிறேன். சின்சே மேற்கொண்டு என்ன செய்யச் சொல்கிறார் என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குத் தபால்காரரை எதிர்பார்த்து,
சாந்தாமணி


ஈப்போ
12.3.1967

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சௌக்கியம். இங்கே தினமும் சாயங்காலம் மழை.

சின்சே இந்த முறை யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. கஷாயத்தை உடனே நிறுத்தச் சொன்னார். இஞ்சி இனி ஆகாதாம். காய்கிற இடத்தை இன்னும் காய வைக்கும். பேரிக்காயைத் தண்ணீரில் வேகவைத்துக் கொடு.

நாலு கேள்வி கேட்டார். சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறதா? தூங்கும்போது வியர்க்கிறதா? கன்னம் மட்டும் சிவக்கிறதா? உடம்பு இளைக்கிறதா?

பிறகு, “பிள்ளைக்கு எத்தனை வயது என்றாய்?” என்று கேட்டார். இரண்டரை என்றேன். மருந்து இழுப்பறையைத் திறந்தார். ஒன்றும் எடுக்காமல் மூடினார். “பதில் வரட்டும்” என்றார்.

சாந்தா, இதைச் சோம்பலில் போட்டு வைக்காதே. கிடைத்த அன்றே எழுது. பாப்பாவை டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டிருந்தேன், அதற்கு நீ ஒரு வரி எழுதவில்லை.

மருதாம்பாள்


ஈப்போ
25.4.1967

சாந்தாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சின்சே தினமும் கடையைத் திறந்ததும் “சூரத்?” என்கிறார். கடிதம் வந்ததா என்று அர்த்தம். ஒரு கார்டாவது போடு.

அக்கா


குந்தா காம்ப்
20.5.1967

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். அவர் நலம். ஊட்டியில் மலர்க் கண்காட்சி. காம்ப் பஸ்ஸில்கூட இடம் இல்லை. பாப்பா புதிதாக “ட்ராமு” என்று ஒரு வார்த்தை கற்றிருக்கிறாள். டிரம், டம்ளர், நிலா எல்லாமே அவளுக்கு ட்ராமுதான்.

நாலு கேள்விக்கும் பதில். சாயங்காலம் நாலு மணிக்குக் காய்ச்சல் வருகிறது, ஏழுக்குத் தணிகிறது. தூக்கத்தில் தலையணை நனைகிறது. கன்னம் சிவக்கிறது. பார்க்கிறவர்கள் மலைக் காற்று ஒத்துக்கொண்டது என்கிறார்கள். இளைப்பு உண்டு. வளையல் முழங்கை வரை ஏறுகிறது.

பேரிக்காய் கொடுத்தேன். ஓரத்தில் புது நிறம் தைத்திருக்கிறேன். கடிதத்தை நீளமாக எழுத நேரமில்லை.

சாந்தாமணி


ஈப்போ
2.6.1967

சாந்தாமணிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நீ தைத்த மஞ்சளுக்குள் ஒரு சிவப்பு இழை சுற்றியிருக்கிறது. அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. நான் முதலில் ஏதோ நூல் கலந்துவிட்டது என்று நினைத்தேன். சின்சே காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் முடிச்சு இரண்டு இருந்தது. “கலந்து வந்ததற்கு யாரும் தனி முடிச்சுப் போட மாட்டார்கள்” என்றார்.

அப்போது ஒரு மலாய்க்காரப் பெண் குழந்தையோடு வந்தாள். அதற்கும் இரண்டு வயதுதான் இருக்கும். இருமிக்கொண்டிருந்தது. சின்சே என்னை அருகில் வரச்சொன்னார். “பார்” என்றார். குழந்தை இருமியது, சளி தொண்டைக்கு வந்த சத்தம் கேட்டது, விழுங்கிவிட்டது. “துப்பு, துப்பு” என்று தாய் வாயருகே கையை வைத்தாள். அது கையைக் கடித்தது.

“எனக்கு ஒன்பது பேரப்பிள்ளைகள்” என்றார் சின்சே. “இந்த வயதில் ஒன்றும் துப்பியதில்லை. எல்லாம் விழுங்கும். உன் தங்கையின் பிள்ளை மட்டும் ஐந்து மாதமாக ஒழுங்காக டப்பா மூடியில் துப்புகிறது, உப்புக் கரிக்கிறது என்கிறது, விலா வலிக்கிறது என்கிறது. முதல் நூலிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். நூலின் அழகைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். இது பிள்ளையின் சளி இல்லை. வளையல் போடுகிற ஒருத்தியுடையது.”

நான் வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். அவர் நலம், அத்தை நலம், பாப்பாவுக்குச் சளி. நீ நலம் என்று ஒன்றில்கூட இல்லை. பொய் எழுத வராதவள், எழுதாமல் விட்டிருக்கிறாய்.

சின்சே சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். “சளி எனக்கு என்ன சொல்லவேண்டுமோ சொல்லிவிட்டது. ஆனால் இதற்கு மருந்து என் இழுப்பறையில் இல்லை. சின்ன வயதில் இதே நிறம் என்னிடம் வந்தது. கர்வத்தில் கஷாயம் கொடுத்தேன். அது என் தம்பி. உன் தங்கை நெஞ்சைப் படம் எடுக்கட்டும், ஊசி போடட்டும்.”

இப்போது நான் செய்ததைக் கேள். மாப்பிள்ளை வேலுமணி பெயருக்கு ஒரு கடிதம் எழுதி இன்று தபாலில் போட்டுவிட்டேன். விமானத்தில் இல்லை, கப்பல் தபாலில். முப்பது நாளுக்குக் குறையாமல் ஆகும். இது உன் கைக்குப் பத்து நாளில் வரும். மீதி நாள் உன்னுடையது. அதற்குள் நீயே சொல்கிறாயா, கப்பல் சொல்லட்டுமா, நீ முடிவு செய்.

அக்கா


குந்தா காம்ப்
13.6.1967

அக்காவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. அழைக்காமல் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது எனக்கு. பெட்டியில் போட்டதைத் திருப்பி வாங்க முடியுமா என்று மஞ்சூர் போஸ்ட் மாஸ்டரைக் கேட்டேன். “கப்பலைத் திருப்பறதுக்கு இங்க ஃபாரம் இல்லீங்கம்மா” என்றார்.

ஆமாம், என்னுடையதுதான். பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. மார்கழியில் அவளுக்கு நாலு நாள் மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். அவள் பெயரைப் போட்டால் கேட்கிறது சுலபமாக இருந்தது. தாய் பிள்ளைக்காகக் கேட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

எனக்குத் தெரியாமல் இல்லை அக்கா. ஜானகி அக்கா இருமியது எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியும். குளிர், சூடு, ஈரம் என்று சின்சே சொல்லும்வரை அதற்கு வேறு பெயர் இருந்தது. அவர் கொடுத்த பெயரை வைத்துக்கொண்டு நாலு மாதம் ஓட்டினேன். சிவப்பைப் பார்த்த அன்று நோட்டை மூடி வைத்துவிட்டேன். ஒரு மாதம் திறக்கவில்லை. பிறகு அதைத் தைத்தேன். எழுத வரவில்லை, தைக்க வந்தது.

இன்னும் இருபது நாள் இருக்கிறது. உங்கள் கப்பலுக்கு முன்னால் நான் போய்ச் சேருவேன். ஆனால் வெறும் வாயோடு இவர் முன்னால் நிற்க மாட்டேன். முதலில் படம், முதலில் டாக்டர் சொல். என்ன நோய், எத்தனை நாள், பாப்பாவை எப்படிக் காப்பது என்று எல்லாம் கையில் வைத்துக்கொண்டு பேசுவேன். “அனுப்பிவிடலாம்” என்று யாரும் தொடங்குவதற்கு முன்னால் நான் முடித்திருக்க வேண்டும்.

சாந்தாமணி


குந்தா காம்ப்
2.7.1967

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள், மாமா, சின்சே மூவரும் சுகமா? அவர் நலம், பாப்பா நலம். என்னைப் பற்றி இந்தக் கடிதம் முழுக்க இருக்கிறது.

போன மாதம் பத்தொன்பதாம் தேதி கொட்டுகிற மழையில் முதல் பஸ்ஸில் ஊட்டிக்குப் போனேன். பாப்பாவைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வீரம்மாவிடம் விட்டேன். பல் பிடுங்கப் போகிறேன் என்று சொன்னேன். அது என் கடைசிப் பொய்யாக இருக்கட்டும். டாக்டர் ஹெர்பர்ட் என்று ஒருவர், வயதானவர். என் நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். நூல் மாதிரிகளை ஒவ்வொன்றாக நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். “இதை யார் எழுதச் சொன்னது?” என்றார். “ஈப்போவில் ஒரு சீன வைத்தியருங்க.” “என்ன மருந்து கொடுத்தார்?” “ஆரஞ்சுத் தோல். அப்புறம் உங்ககிட்ட அனுப்பிச்சாருங்க.” அவர் சிரித்துவிட்டு, “அப்ப அவர் நல்ல வைத்தியர்தான்” என்றார்.

படத்தில் வலது பக்கம் மேலே ஒரு மேகம். இரண்டு நாள் காலைச் சளியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்தார்கள். கிருமி இருக்கிறது. டி.பி.தான். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா தோளைத் தொட்டார். நான் அழவில்லை, கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். வீட்டிலேயே இருந்து ஊசியும் மாத்திரையும் எடுத்துக்கொள்ளலாம். தினமும் ஊசி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். ஒன்றரை வருஷம் ஒருநாள்கூட விடக்கூடாது. மருந்து பிடிக்கிற முதல் இரண்டு மாதம் பிள்ளை என் கட்டிலில் படுக்கக் கூடாது, என் முகத்துக்கு நேரே இருக்கக் கூடாது. பிள்ளையைக் கூட்டி வா, ஊசிப் பரிசோதனை செய்யலாம் என்றார்.

முடிவு தெரிந்த அன்றைக்கே இவரிடம் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்து பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தார். படத்தை ஜன்னலில் பிடித்து, “ஏனுங்க, இங்க பாருங்க, இது என்ற நெஞ்சுங்க” என்றேன்.

ஒரு பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார். பிறகு, “எப்பத்துல இருந்து?” என்றார்.

“மார்கழியில இருந்துங்க.”

“ஆறு மாசம்.” மறுபடியும், “ஆறு மாசம் எங்கூட ஒரே ஊட்ல இருந்து...” என்று நிறுத்தினார். “மலேசியாவுல இருக்கற சீனக்காரனுக்குத் தெரிஞ்சிருக்குது. எனக்குத் தெரியல.”

இரண்டு நாள் ஷிப்டுக்குப் போய் வந்தார். மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டு பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, “கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார். பாப்பா கையில் குத்திய இடம் தடிக்கவில்லை. படமும் சுத்தம். இவருக்கும் சுத்தம்.

அத்தை வந்தார்கள். யார் எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. பாப்பாவின் துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினார்கள். “ஒண்ணரை வருசம் ஊசின்னா சும்மாவா? புள்ளைய நான் பாத்துக்கறன். நீ உன்ற அம்மா ஊட்டுக்குப் போயி ஒடம்பத் தேத்து.”

“பாப்பா எங்கயும் வரலீங்க அத்தை” என்றேன். “நீங்க இங்க வாங்க.”

“இங்கயா? இந்தக் குளுருலயா?”

“ரெண்டு மாசம் புள்ளையத் தூக்கறதும், தூங்க வெக்கறதும் என்னால ஆகாது. நீங்கதான் செய்யோணும். ஆனா நான் பாக்கற தூரத்துல செய்யோணும். ஜானகி அக்காவுக்கு நடந்தது எனக்கு நடக்காதுங்க.”

அந்தப் பெயரை இவர்கள் குடும்பத்தில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. அத்தை இவரைப் பார்த்தார்கள். இவர் பாப்பாவின் துணி மூட்டையை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, துணிகளை அலமாரியில் திரும்ப அடுக்கினார். சட்டையை மடிக்கத் தெரியாமல் சுருட்டிச் சுருட்டி வைத்தார்.

அத்தை இப்போது எங்கள் முன்னறையில் மூன்று கம்பளிக்குள் இருக்கிறார்கள். “எனக்குச் சளி புடிச்சா உன்ற சீனக்காரனுக்கு நூல் அனுப்புவியா?” என்று தினமும் கேட்கிறார்கள்.

உங்கள் கப்பல் இன்னும் வரவில்லை.

சாந்தாமணி


ஈப்போ
14.7.1967

என் கண்ணுக்கு,

அக்கா ஆசீர்வாதம். உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்து, நின்றபடியே மலாயில் சொல்லிக்கொண்டே படித்தேன். துணி மூட்டை அவிழ்ந்த இடத்தில் சின்சே கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

மருந்தை ஒருநாள் விட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்காதே. முட்டை சாப்பிடு. கப்பல் தபால் வந்தால் பயப்படாதே.

மருதாம்பாள்


குந்தா காம்ப்
29.10.1967

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுத டாக்டர் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை. நலமாகிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதலாமாம். மற்ற எல்லாரும் சுகம். தீபாவளிக்கு முந்தியே எழுதிவிட்டேன், பார்த்தீர்களா?

இதுவரை நூற்றுச் சொச்சம் ஊசி. தினமும் டிஸ்பென்சரிக்கு மேடேறிப் போகிறேன். சிவப்பு மிக்சர் கம்பவுண்டர்தான் குத்துகிறார்; அவர் கை லேசானது என்று தெரியாமல் போன வருஷமெல்லாம் திட்டியிருக்கிறேன். மாத்திரைப் பொட்டலம் குமட்டுகிறது. இவர் எதிரே உட்கார்ந்து நான் விழுங்குகிறவரை எழுந்திருப்பதில்லை. காலண்டரில் கோடு போடுகிறார். ஏழு கிலோ கூடியிருக்கிறேன். வளையல் மணிக்கட்டிலேயே நிற்கிறது.

புரட்டாசியிலிருந்து பாப்பா என் பக்கத்தில் படுக்கிறாள். அத்தை ஊருக்குப் போகிற அன்று, கிளம்புகிற நேரத்தில், “அடுத்த லீவுக்கு ஜானகியும் பையனும் ஒண்ணா இங்க வந்து நாலு நாள் இருக்கட்டும்” என்று இவரிடம் சொன்னார்கள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பரவாயில்லை.

உங்கள் கப்பல் தபால் ஆடி பதினெட்டு கழித்து வந்தது. உறை உப்பிக் கசங்கியிருந்தது. இவர் கையில் வைத்துக்கொண்டு, “இதுல என்ன இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?” என்றார். “தெரியுமுங்க, நான் சொன்னதெல்லாம்தான் இருக்கும்” என்றேன். பிரித்து எனக்குப் படித்துக் காட்டினார்.

“மாப்பிள்ளைக்கு, மருதாம்பாள் எழுதுவது. நாங்கள் சௌக்கியம். சாந்தா உங்களிடம் ஏதாவது சொல்ல வந்தால், முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.”

அவ்வளவுதான். மீதிப் பக்கம் வெறுமை. இதற்காகவா நான் மழையில் ஓடினேன் அக்கா! இவர் அதை மடித்து ஷிப்ட் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒருதடவை சட்டையோடு சேர்த்துத் துவைத்தும்விட்டேன்.

சின்சேயிடம் இந்தக் காகிதத்தின் ஓரத்தைக் காட்டுங்கள். போன வாரம் பாப்பாவுக்கு நிஜமாகவே சளி பிடித்தது. மூன்று வயது முடிந்தது அல்லவா, டப்பா மூடியை எடுத்துவந்து என்னைப் போலவே குனிந்து செருமித் துப்பினாள். முக்கால்வாசி எச்சில்தான். “ட்ராமு பாரு! நூல் தெய்யி!” என்று கையைப் பிடித்து இழுத்தாள். வெள்ளை, நீர்த்தது, நுரை. நாலு தையல் போட்டிருக்கிறேன். இது அவளுடையதுதான், சத்தியமாக.

அதற்குக் கீழே வெறும் ஊசித் துளை நாலு இருக்கும். அது என்னுடையது. மூன்று மாதமாகக் கண்ணாடிச் சில்லில் ஒன்றும் இல்லை. இந்த மாதம் தடவிக் காட்டவே டாக்டருக்குச் சளி கிடைக்கவில்லை. ஊசியை நூல் கோக்காமல் குத்தினேன்.

இப்படிக்கு,
சாந்தாமணி